எருமேட்டின் பின்பக்கம்

இந்த வருஷக் கேடயம் வெர்னர் ஸ்டால்டருக்குத்தான் என்ற பேச்சு எங்கள் சீஸ் கூடத்தில்தான் முதலில் கிளம்பியது. மாலைப் பால் ஊற்ற வந்தவர்கள் கேன்களோடு வரிசையில் நின்றுகொண்டு, பள்ளத்தாக்கிலேயே அழகான எருமேடு அவன் வீட்டு வாசலில்தான் இருக்கிறது, விவசாயச் சங்கத்துக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். வெர்னர் தன் கேன்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஏதோ நம்ம கையால முடிஞ்சது" என்று அடக்கமாகச் சொன்னான். நான் செப்புக் கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்க்கிற பிரஷ்ஷை அவன் தலையில் எறியாமல் விட்டதற்கு ஒரே காரணம், என் வீட்டுக்காரர் ஆல்ஃபிரெட் என்னையே பார்த்துக்கொண்டு நின்றதுதான்.

நம்ம கையாலயாம். அந்த எருமேட்டில் ஒரு வைக்கோலைக்கூட அவன் கை மடித்து வைத்ததில்லை. அத்தனையும் அவன் அக்கா பெர்தாவின் வேலை. அங்கே நின்றவர்களில் பாதிப்பேருக்கு அது தெரியும். தெரிந்தும் தலையாட்டினார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் பக்கத்தில் எருமேட்டை வீட்டுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிற வழக்கம் கிடையாது. சாலையைப் பார்த்த மாதிரி வாசலிலேயே போடுவோம். சாணியும் வைக்கோலும் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வைக்கோல் நுனிகளை மடித்து, ஓரம் நெடுகப் பின்னிவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ரொட்டியைப் பின்னுகிற மாதிரி. பெண் கொடுக்க வருகிறவன் முதலில் எருமேட்டைத்தான் சுற்றி வருவான். கைத்தடியால் ஒரு குத்து குத்துவான். தடி இறங்காமல் நின்றால் அது திடமான வீடு, நம்பிப் பெண் கொடுக்கலாம். மாப்பிள்ளைக்குப் பல் இருக்கிறதா, புத்தி இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பெர்தாவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். குட்டை உருவம், அகலமான தோள், ஆம்பிளைக் கை. பேச்சு குறைவு. பேசினால் நறுக்கென்று இருக்கும். ஸ்டால்டர் வீட்டுக்கு அவள் தலைப்பிள்ளை, வெர்னர் கடைக்குட்டி. எங்கள் பக்கத்தில் வீடும் நிலமும் கடைசிப் பையனுக்குத்தான். நடுவில் பிறந்த இரண்டு பேரும் அது தெரிந்து ரயில்வேக்கும் ராணுவத்துக்கும் போய்விட்டார்கள். பெர்தா எங்கே போவாள்? தொழுவத்துக்குப் போனாள்.

மற்ற வீடுகளில் தடி இறங்கக் கூடாது என்பதற்காக எருமேட்டை மிதிமிதி என்று மிதிப்பார்கள். உள்ளே காற்றுப் போகாமல் எல்லாம் புளித்து நாறும். வசந்தத்தில் அதை வெட்டி எடுத்தால் போன வருஷத்து வைக்கோல் மஞ்சள் மாறாமல் அப்படியே வரும். அதைத்தான் பெருமையாக வயலில் கொட்டுவார்கள். பெர்தா வேறு மாதிரி செய்தாள். வெளிச்சுவரை மட்டும் ஊருக்காக இறுக்கமாகக் கட்டுவாள். உள்ளே தன் இஷ்டம். கோதுமை வைக்கோல், அவரைத் தட்டை, உருளைக்கிழங்குக் கொடி, பீச் மரத்துச் சருகு, கிடைத்ததையெல்லாம் கத்தியால் துண்டு போட்டு, மெல்லிசாகப் பரப்பி, மேலே சாணியைப் போட்டு, தொழுவத்து மூத்திரத்தண்ணீரைத் தெளிப்பாள். கோடை முடிகிற சமயத்தில் மொத்தத்தையும் ஒருமுறை புரட்டிப் போடுவாள். அடுத்த வசந்தத்தில் அது கறுப்பாகப் பொலபொலவென்று இருக்கும். மூக்கருகில் கொண்டுபோனால் சாணி வாடையே வராது, மழை விட்ட காட்டு வாசனைதான் வரும்.

அவளுடைய முதல் எருமேடு அவளுக்கு என்ன செய்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

வெர்னருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். மலைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர் நிக்லாஸ் லூதி, ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். நான் அன்றைக்கு விருந்துக்குச் சீஸ் கொண்டுபோயிருந்தேன், அதனால் இது கேள்விப்பட்ட கதை இல்லை. மனிதர் எருமேட்டைச் சுற்றி வந்தார். தடியால் குத்தினார். தடி நின்றது. பின்னலைக் கையால் தடவிப் பார்த்தார்.

"யாரு பின்னினது?"

பெர்தாவின் அப்பா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "நம்ம கடைக்குட்டிதான். வெர்னர்."

"கைக்காரன்தான்" என்றார் லூதி. அந்த நிமிஷமே கல்யாணம் முடிவாகிவிட்டது. சமையலறை ஜன்னலில் பெர்தா நின்றுகொண்டிருந்தாள். விருந்துக்குப் பின்னிய ரொட்டி அவள் கையில் இருந்தது. அதே நாலு பிரிப் பின்னல்தான். எருமேட்டைத் தடவின அந்த மனிதர் அரை மணி கழித்து அந்த ரொட்டியையும் பிய்த்துத் தின்றார். இரண்டும் ஒரே கை என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர்கள் போன பிறகு பெர்தா அப்பாவிடம் கேட்டாள், "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"உன்னைப் பாக்கவா வந்தாங்க?" என்றார் அவர். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

அடுத்த வருஷம் பெர்தாவைக் கேட்டு ஒரு தச்சன் வந்தான். நல்ல மனுஷன். அவனிடம் அதே அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அவ போயிட்டா இங்க எருமேட்ட யாரு பாக்கறது?" அப்போது மட்டும் உண்மை வாயில் வந்து குதித்தது. தச்சன் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். அந்தப் பெரியவர் செத்துப்போய்விட்டார். செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். நான் பேசுவேன்.

கண்ணை மூடுவதற்கு முன்னால் பெரியவர் ஒரு நல்ல காரியம் செய்தார், அதையும் அரைகுறையாகத்தான் செய்தார். வீட்டுக்கு மேலே சரிவில் ஒரு துண்டு நிலம். குளிர்ந்த களிமண். புல்கூட அங்கே முறைத்துக்கொண்டுதான் முளைக்கும். அதைப் பெர்தாவுக்குக் கொடுத்தார். ஆல்ஃபிரெட்டையும் பாதிரியாரையும் கட்டில் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு சொன்னார்: அவள் பயிர் வைக்கிறவரை நிலம் அவளுடையது. ஒரு வருஷம் பயிர் வைக்காமல் புல்லுக்கு விட்டால் வெர்னரோடு சேர்ந்துவிடும். அந்த மண்ணில் எவளாலும் ஒரு வருஷத்துக்குமேல் தாக்குப்பிடிக்க முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

பெர்தா தாக்குப்பிடித்தாள். ஒவ்வொரு வசந்தத்திலும் எருமேட்டின் உள்வயிற்றிலிருந்து கறுப்பு எருவைக் கூடையில் அள்ளி முதுகில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறினாள். முதல் வருஷங்களில் கோலிக்குண்டு அளவில்தான் உருளைக்கிழங்கு வந்தது. பால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்புறம் முட்டைக்கோஸ் வந்தது, கோதுமை வந்தது, அவரை வந்தது. களிமண் கையில் உதிர ஆரம்பித்தது. அந்த நிலத்தில் விளைந்ததை வைத்துத்தான் அவள் தம்பி வீட்டில் தனி அடுப்பு வைத்துத் தலைநிமிர்ந்து இருந்தாள். நிலம் போனால் சமையலறை மூலையில் ஓசிச்சோறு தின்கிற அத்தைதான். அப்போது வெர்னருக்கு மேலே மேய்ச்சல் நிலம் வேண்டியிருந்தது. சிரித்தவர்கள், "இப்பத்தான் அது நிலம் மாதிரி இருக்கு" என்று அவனிடமே சொன்னார்கள்.

இந்த நேரத்தில்தான் கேடயம் வந்து தொலைந்தது.

பனி உருகத் தொடங்கிய ஒரு நாள், பன்றிக்கு மோர்த்தண்ணீர் வாங்கப் பெர்தா கூடத்துக்கு வந்தாள். வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடப் பெஞ்சை விட்ட பிறகு அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது.

"என்னடி?" என்றேன்.

"எருமேட்டைத் தொடக்கூடாதாம். சங்கத்துக்காரங்க வந்து பாக்கற வரைக்கும்."

"எப்ப வர்றாங்க?"

"ஏப்ரல் கடைசின்னாங்க. இப்ப லூதி ஐயாவுக்குக் கால் வீங்கிருக்காம். பெந்தெகொஸ்துப் பண்டிகை கழிச்சுத்தான் வருவாங்களாம், ஜூன் ஆயிடும்."

சங்கத்துத் தலைவர் லூதிதான், வெர்னருடைய மாமனார். மாப்பிள்ளை வீட்டு எருமேட்டுக்கு மாமனாரே மதிப்புப் போடலாமா என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமும் இல்லை.

"பெந்தெகொஸ்து கழிச்சுன்னா உருளைக்கிழங்கு எப்படி வைப்ப? மே பாதிக்குள்ள வெதை உள்ள போகணுமே."

"அதைத்தான் நானும் கேட்டேன். 'ஒரு வருஷம் சும்மா விடுக்கா, ஒண்ணும் குடிமுழுகிப் போகாது'ன்னு சொல்றான்."

"எரு இல்லாம வை."

"அந்த மண்ணுல எரு இல்லாம வெச்சா அழுகித்தான் போகும். முளைக்கலைன்னா வைக்கலைன்னுதான் சொல்லுவான். கேடயமும் வரும், நிலமும் வரும்னு கணக்குப் போட்டிருக்கான். நல்ல மூளைதான். பால் கறக்கறப்ப மட்டும் அது எங்க போகுதுன்னு தெரியல."

அவள் கட்டின மேடு, அவள் அள்ளின சாணி, அவள் நறுக்கின தட்டை. அதை அவளே தொடக் கூடாது. தொட்டால் அவன் பெயர் கெட்டுவிடும். "இன்னிக்கு நானே சாணி அள்ளுற கவையை எடுத்துட்டு வரேன், முன்பக்கத்தையே பிரிச்சுப் போட்டுடலாம்" என்றேன்.

பெர்தா வாளியைக் காலால் நகர்த்தினாள். பிறகு தலையை நிமிர்த்தி, "முன்பக்கம் வேண்டாம்" என்றாள். "காலைல பால் ஊத்த வர்றானே, அவன இங்க எவ்வளவு நேரம் உக்கார வைக்க முடியும்?"

புரிந்தது. ஸ்டால்டர் வீட்டு எருமேடு தொழுவத்துப் பலகைச் சுவரை ஒட்டி நிற்கிறது. சாணியைத் தள்ளுவதற்கு அந்தச் சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. அந்தக் கதவு வழியாகப் போனால் எருமேட்டின் முதுகுக்கு வந்துவிடலாம். சாலையிலிருந்து தெரியாது. வீட்டு ஜன்னலிலிருந்தும் சரியாகத் தெரியாது. வெர்னர் அந்தக் கதவைத் திறந்து எத்தனை வருஷம் இருக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

மறுநாளிலிருந்து எங்கள் கூடத்தில் வெர்னருக்கு ராஜ உபசாரம். "கேடயக்காரருக்கு ஒரு காப்பி குடுக்காம அனுப்பறதா?" என்று உட்காரவைத்தேன். காப்பியில் பிளம் சாராயம் தாராளமாக விட்டேன். ஆல்ஃபிரெட் முதல் நாள் என்னை முறைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அடுத்த நாள் பாட்டிலை அவரே எடுத்து வைத்தார். கட்டில் பக்கத்தில் நின்று அந்த வார்த்தையைக் கேட்ட சாட்சி அல்லவா.

வெர்னரைப் பேசவைப்பது ஒரு கஷ்டமே இல்லை. எருமேடு கட்டுவது எப்படி என்று எனக்கு வகுப்பே எடுத்தான்.

"பின்னல்ல எல்லாம் கைப்பக்குவம் மார்த்தாக்கா. சொல்லிக் குடுத்து வராது."

"வலது பக்கத்துல ஆரம்பிப்பீங்களா, இடது பக்கமா?" என்று கேட்டேன்.

"அது வந்து... அன்னன்னிக்கு எப்படித் தோணுதோ அப்படி."

"அன்னன்னிக்கு. ஆமாமா" என்று இன்னொரு கரண்டி சாராயம் விட்டேன்.

அவன் இங்கே பேசிக்கொண்டிருந்த ஒவ்வொரு காலையிலும் அங்கே பெர்தா பின்கதவு வழியாகக் கறுப்பு எருவைக் கூடைகூடையாக எடுத்துக்கொண்டு சரிவில் ஏறிக்கொண்டிருந்தாள். வெளிச்சுவரைத் தொடவில்லை. உள்ளே காலியான இடத்தில் ஃபிர் மரக் கம்புகளை முட்டுக்கொடுத்து, மேலே கிளைகளைப் பரப்பி, அதன்மேல் வைக்கோல் போட்டு மூடினாள். சாலையில் போகிறவர்கள் எப்போதும்போல நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

வெர்னருடைய மனைவி அன்னலீஸைப் பற்றி எனக்குப் பயம் இருந்தது. லூதியின் மகள், புருஷனுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஒரு நாள் பெர்தாவின் கூடைத் தோள்வார் அறுந்துபோயிற்று. அதை ஆணியில் மாட்டிவிட்டுப் போனவள், மறுநாள் காலையில் வந்து பார்த்தால் வார் புதுத் தோல் வைத்துத் தைத்திருந்தது. தையல் அன்னலீஸுடையது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. வார் அறுகிறவரை காத்திருந்துதான் உதவி செய்ய வேண்டுமா என்று எனக்கு அவள்மேலும் கோபம்தான். ஆனாலும் தைத்தாளே.

மே பாதிக்குள் உருளைக்கிழங்கு மண்ணுக்குள் போய்விட்டது.

பெந்தெகொஸ்து முடிந்து சங்கத்துக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். லூதிக்கு ஒரு காலில் பூட்ஸ், இன்னொரு காலில் துணிக்கட்டு. ஊரே வந்து சாலையோரம் நின்றது, நான் கொப்பரையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வெர்னர் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டு நின்றான். அன்னலீஸ் வாசற்படியில் நின்றாள். பெர்தா தொழுவத்து வாசலில், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல்.

"பாருங்க மாமா" என்றான் வெர்னர். "சங்கத்துக்காக ஒரு தடவைகூடக் கை வைக்கல. பனி காலத்துலேர்ந்து அப்படியே காப்பாத்தி வெச்சிருக்கேன்."

மூன்று பேரும் சுற்றி வந்தார்கள். பின்னலைத் தடவினார்கள். ஒருவர் அளவுகோல் வைத்துப் பார்த்தார், மூலை எல்லாம் நேராக இருந்தது. லூதி வழக்கப்படி தடியால் குத்தினார். தடி நின்றது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. மனிதர் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு, வீங்கின காலுக்கு வலியாக இருந்ததோ என்னவோ, குத்தின தடியின்மேலேயே உடம்புப் பாரத்தைச் சாய்த்தார்.

தடி கைப்பிடிவரை உள்ளே போயிற்று. பின்னாலேயே அவர் முழங்கைவரை போனார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் மெதுவாகக் கையை வெளியே எடுத்தார். சட்டையில் ஒட்டடை, வேறு ஒன்றும் இல்லை. குனிந்து அந்த ஓட்டை வழியாகப் பார்த்தார். அந்தப் பக்கம் தொழுவத்துக் கதவு திறந்து கிடந்தது, வெளிச்சம் வந்தது. எருமேட்டுக்குள்ளே ஒரு கோழி நடந்துபோய்க்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை" என்றார் லூதி, நிமிராமலே. "இதை யாரு கட்டினது?"

"நான்தான் மாமா."

"உள்ள என்ன இருக்கு?"

"என்ன மாமா கேள்வி? சாணியும் வைக்கோலும்தான்."

"உள்ள ஒரு கோழி இருக்கு."

வெர்னர் ஓடிவந்து குனிந்து பார்த்தான். அவன் முகத்தைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் ஆசைதான், ஆனால் நேரமாகிறது. "யாரோ திருடியிருக்காங்க" என்றான்.

லூதி அவனையே பார்த்தார். "தினமும் சாணி போடறவனுக்கு, தன்னோட எருமேடு காலியா இருக்கறது தெரியாதா?"

எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். எருமேடு கட்டுகிறவன் அதன்மேல்தான் நின்று கட்டுவான், காலுக்குக் கீழே இருப்பது அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

"எரு மேல இருக்கு" என்றாள் பெர்தா தொழுவத்து வாசலிலிருந்து. "என் நிலத்துல. கிழங்கு முளைச்சாச்சு. வேணும்னா போய்ப் பாத்துக்குங்க."

லூதி அவள் பக்கம் திரும்பினார். "நீயா கட்டினது?"

"ஆமா."

"இந்த வருஷமா?"

"எல்லா வருஷமும்."

கிழவர் வாசற்படியைப் பார்த்தார். மகள் நின்றுகொண்டிருந்தாள். எனக்குக் கேட்டது, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும், அவர் சின்னக் குரலில்தான் சொன்னார்: "அப்ப நான் என் பொண்ண யாருக்குக் குடுத்தேன்?"

"எனக்குக் கல்யாணம் ஆன மறு வாரமே தெரியும்ப்பா" என்றாள் அன்னலீஸ். "அவருக்குக் கவையப் பிடிக்கக்கூடத் தெரியல."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?"

கிழவர் மறுபடி பெர்தாவிடம் திரும்பி, "நீயாவது அன்னிக்குச் சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டார், ஏதோ அவள்தான் அவரை ஏமாற்றின மாதிரி.

"நீங்க என்னைக் கேக்கலையே, லூதி ஐயா" என்றாள் பெர்தா. "அப்பாவைத்தான கேட்டீங்க."

அப்படியே முடிந்திருந்தால் எனக்கு வயிறு குளிர்ந்திருக்கும். முடியவில்லை. கேடயம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஒரு பண்ணைக்குப் போயிற்று. அவர்கள் எருமேடு கல் மாதிரி இறுகி, ஊரைத் தூக்குகிற நாற்றம். ஸ்டால்டர் வீட்டு எருமேடு தகுதி இழந்ததற்குச் சங்கம் சொன்ன காரணம் 'உள்ளீடு இல்லை' என்பது. உள்ளீடு முழுவதும் மேலே சரிவில் இலை விட்டுக்கொண்டிருந்தது, அதை ஏறிப் போய்ப் பார்க்கச் சங்கத்துக்காரர் ஒருவருக்கும் கால் வரவில்லை. மண்ணுக்காகத்தானே எரு? எந்த மண்ணில் போய் என்ன ஆயிற்று என்று பார்க்காமல், வாசலில் நின்று பின்னலைத் தடவிக் கேடயம் கொடுக்கிறவர்களை என்னவென்று சொல்வது?

கூடத்தில் அடுத்த வாரம் பேச்சு இன்னும் மோசம்.

"என்ன இருந்தாலும் தம்பி மானத்த இப்படிச் சந்தியில இழுக்கலாமா?" என்றார் ஒருவர்.

"வீட்டுக்குள்ள பேசித் தீத்திருக்கணும்" என்றார் இன்னொருவர்.

"வீட்டுக்குள்ள பேசினா யாரு கேட்டா?" என்றேன் நான். "அவ நிலம் போயிருந்தா, அப்ப யாராவது மானத்தப் பத்திப் பேசியிருப்பீங்களா? கேன நகத்துங்க, பால் புளிக்குது."

கேன்களை நகர்த்தினார்கள். அதற்காக வெட்கப்பட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு யாருக்கும் காப்பி கிடைக்காது என்று தெரிந்ததும் சீக்கிரமாகக் கிளம்பினார்கள், அவ்வளவுதான்.

ஆனால் நிலத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை எழவில்லை. ஊர் பார்க்க, சங்கத்துத் தலைவர் முன்னால், "என் நிலம்" என்று அவள் சொல்லிவிட்டாள். வெர்னர் மறுக்க வாயைத் திறக்கவில்லை. ஆல்ஃபிரெட் மட்டும் ஒருநாள் அவனிடம், "உங்கப்பா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு, பாதிரியாருக்கும் இருக்கு" என்று தற்செயலாகச் சொல்வது மாதிரி சொல்லிவைத்தார். பெர்தாவுக்குத் தினமும் வேண்டிய சாணியை அன்னலீஸ் தள்ளுவண்டியில் சரிவுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினாள். வெர்னர் பார்த்துக்கொண்டிருந்தான், தடுக்கவில்லை.

வாசலில் அவன் தன் கையாலேயே புது எருமேடு கட்டினான். முதல் மழைக்கே அது தொப்பை சரிந்து சாலையில் உட்கார்ந்துவிட்டது. தபால்காரர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டிப் போனார். வெர்னர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினான். "கிழங்கு தோண்டற சமயம், நேரமில்லைன்னு சொல்லு" என்று அவள் சொல்லி அனுப்பினாள்.

பெர்தா தன் எருவை மேலே நிலத்து ஓரத்திலேயே போட்டாள். சுவர் இல்லை, பின்னல் இல்லை. உருளைக்கிழங்குக் கொடியும் கோதுமைத் தாளும் அவரைத் தட்டையும் சாணியும் அடுக்கின வெறும் குவியல், பார்க்க ஒன்றும் இருக்காது. அந்த வருஷக் கிழங்கு ஒவ்வொன்றும் என் முஷ்டி அளவு. நான் ஒத்தாசைக்குப் போய் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது லூதி கிழவர் சரிவில் ஏறி வந்தார். கால் இன்னும் சரியாகவில்லை, நின்று நின்று வந்தார். எதற்கு வருகிறார் என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர் நேராகக் குவியலிடம் போய், பழக்க தோஷம், தடியால் குத்தினார். எதிர்ப்பே இல்லாமல் தடி உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது ஆவி பறந்தது. தடி நுனியைக் கையால் பிடித்துச் சூடு பார்த்தார். பிறகு குனிந்து கிழங்கு தோண்டின பள்ளத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். அது விரலிடுக்கில் உதிர்ந்தது. அந்தச் சரிவு முன்னால் எப்படிப்பட்ட களிமண் என்று அவருக்கும் தெரியும்.

"இதை யாரு போட்டது?" என்று கேட்டார். இந்தத் தடவை பெர்தாவைப் பார்த்துக் கேட்டார்.

ஒரு மன்னிப்பு இல்லை, மண்ணாங்கட்டி இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் சமையலறை ஜன்னலைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அன்றைக்கு அதைச் சரியான ஆளிடம் கேட்டிருந்தால் அவர் மகளுக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்கும், பெர்தாவுக்கும் ஒரு தச்சன் இருந்திருப்பான். நானாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூட்டையைக் கட்டப் போயிருப்பேன்.

பெர்தா கவையை மண்ணில் ஊன்றி நிமிர்ந்தாள். "நான்" என்றாள்.